போனை எடுக்காத அக்காவுக்கு

4 ஜனவரி

அன்புள்ள அக்கா,

செத்துப்போய்விட்டாள்! போன வியாழக்கிழமை, மாடிப்படியில் உருண்டு, ஒரே டேக்கில் உயிரை விட்டாள். உன்னைப் பார்த்து ஊர் சிரிக்க வைத்த, நான் நடித்த அந்தப் பெரியம்மா இனிமேல் சீரியலில் வரமாட்டாள். அவளுடைய போட்டோவைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டிவிட்டார்கள், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இனியாவது போனை எடேன்.

எடுக்கமாட்டாய். தெரிந்துதான் கடிதம் எழுதுகிறேன். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது உன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் எனக்குத் தெரியும். தலைமை நர்ஸம்மா, மாட்டிக்கொண்டீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா, எனக்குப் படம் கிடைத்திருக்கிறது. கதவைத் திறந்துவிட்டு "காபி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டு மறைகிற வேஷம் இல்லை. கோர்ட்டில் சுத்தியலைத் தட்டி "அமைதி, அமைதி" என்கிற வேஷமும் இல்லை. படம் முழுக்க நான் வருகிறேன். முதல் காட்சியில் கடையைத் திறக்கிறேன், கடைசிக் காட்சியில் மூடுகிறேன். நடுவில் எங்கே திரும்பினாலும் நான்தான்!

எப்படி நடந்தது கேள். டப்பிங் தியேட்டரில் ஒரு வெளிநாட்டுப் படத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். மலையேறுகிற ஒரு கிழவி. மூச்சிரைப்பு சரியாக வரவில்லை என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மைக் முன்னால் நின்ற இடத்திலேயே ஓடினேன். ஓடிக்கொண்டே வசனம், வசனத்துக்கு நடுவில் இருமல். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வேலைக்குக் காத்திருக்கிறவள் என்று நினைத்தேன். முடித்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தால் எதிரே வந்து நிற்கிறாள்.

"அந்தக் கிழவி நீங்களா?"

"ஆமாங்க. முகம் சுமார்தான், குரல் மட்டும் நல்லா இருக்கும்" என்றேன். நான் எப்போதும் சொல்கிற ஜோக். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றாள். நடந்தேன். "இப்ப திரும்பி வாங்க. என்னைப் பார்க்காதீங்க." வந்தேன். "நாளைக்கு ஆபீசுக்கு வர முடியுமா?"

அவள்தான் இயக்குநர். எனக்கு மகளாக இருக்கிற வயது. எதையாவது யோசித்தால் மூக்கு மட்டும் துடிக்கிறது, அதனால் மனசுக்குள் முயல் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எனக்குத் தையல்கடைக்காரி வேஷம். புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மிச்சத்தை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன், ஒரே மூச்சில் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவேன், தூக்கிவிட நர்ஸ்கூட இல்லை.

உன்
வாலு


11 ஜனவரி

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. படம் கிடைத்தது பற்றி மகிழ்ச்சி. மலையேறுகிற மாதிரி ஓடியதாக எழுதியிருக்கிறாய். உன் இடது முழங்கால் எப்படிப்பட்டது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டுப் போட்டுக்கொண்டு ஓடு.

உன் பெரியம்மா செத்த செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது. வார்டில் மூன்று பேர் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். அதில் ஒருவருக்கு மறுநாள் ஆபரேஷன். சிரிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தேன்.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று நீ இதுவரை கேட்கவில்லை. நீயே கோபத்துக்கு ஒரு பெயர் வைத்து, நீயே ஆற்றிக்கொண்டாய். சொல்லிவிடுகிறேன். ஒருவர் கத்திக் கத்தி முடிக்கும்வரை நான் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். பிறகு, "முடிஞ்சுதா? இப்ப நான் பேசலாமா?" என்று கேட்பேன். முப்பது வருஷம் வார்டை அப்படித்தான் ஓட்டினேன். பெரிய டாக்டர்கள்கூட அதற்கு அடங்கினார்கள். நீ அதை எடுத்து, மருமகளுக்கு விஷம் வைக்கிற ஒருத்தியின் வாயில் போட்டாய். இப்போது நான் கண்ணாடியைக் கழற்றினாலே நர்சுகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். போன மாதம் புதிதாக வந்த டாக்டர் ஒருவர், என் எதிரிலேயே, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முடிஞ்சுதா சிஸ்டர்?" என்றார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. உனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் புது லிப்ட் போட்டிருக்கிறார்கள். "கதவு மூடுகிறது. தயவுசெய்து விலகி நிற்கவும்." உன் குரல். முதல் நாள் தூக்கிவாரிப் போட்டது. நான் வேலை பார்க்கிற இடத்துக்கு வந்து என்னையே விலகி நிற்கச் சொல்கிறாய். நான் படியில் ஏறுகிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


2 பிப்ரவரி

அக்கா, அக்கா, அக்கா,

லிப்ட் விஷயத்தைப் படித்துவிட்டு மேக்கப் நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தேன், ஒட்டியிருந்த புருவம் கழன்று காபியில் விழுந்தது. சத்தியமாக உன் ஆஸ்பத்திரிக்கு என்று தெரியாது. எங்கேயோ ஒரு ஸ்டுடியோவில் உட்காரவைத்து ஒன்றாம் தளம் முதல் நாற்பதாம் தளம் வரை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். உன் கட்டடத்தில் எத்தனை மாடி? நாலா? மிச்ச முப்பத்தாறையும் எவனுக்காகச் சொன்னேன்?

கண்ணாடி விஷயத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பெரியம்மாவை எனக்கு எழுதித் தந்தபோது வெறும் கத்தல்தான் இருந்தது. கத்தாமல் பயமுறுத்துகிறவளாக இருந்தால் எப்படி என்று யோசித்தேன். யோசித்ததும் நீ வந்து நின்றாய். உன்னைக் கெட்டவளாக்க நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்தவர்களிலேயே பலசாலியை எடுத்தேன். அவ்வளவுதான். இது சமாதானமா, சாக்கா, எனக்கே பிடிபடவில்லை.

இங்கே வேலை எப்படிப் போகிறது தெரியுமா! மூன்று வாரமாக நிஜத் தையல்கடையில் உட்கார்ந்து பழகுகிறேன். முதலில் தைத்த தலையணை உறையில் தலையணையே நுழையவில்லை. இப்போது காலர் வைக்கிறேன். கடைக்காரர் நேற்று, "நடிப்பு ஓடலைன்னா இங்க வந்துடுங்க" என்றார். எனக்கு விருது கொடுத்த மாதிரி இருந்தது. புருஷனாக நடிக்கிறவர் நாடகத்திலிருந்து வந்தவர். பெரிய குரல், சின்ன ஞாபகம். வசனம் மறந்துவிட்டால் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிடுவார். முயலுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போய் வசனத்தையே வெட்டிவிட்டாள். எங்கள் இருவருக்கும் ஒரு சண்டைக் காட்சி எடுத்தார்கள். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே சண்டை. ஊசி கையில் குத்திவிட்டது, நிஜ ரத்தம், நிறுத்தாமல் சண்டை போட்டேன். கேமராமேன் கைதட்டினார். கேமராமேன்கள் கைதட்டி நான் பார்த்ததே இல்லை!

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். கேட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருக்கிறது.

படத்தின் நடுவில், துறைமுகத்திலிருந்து இரண்டு பேர் கடைக்கு வருவார்கள். கிரேன் சாய்ந்துவிட்டது, உன் புருஷன் இல்லை என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் காகிதத்தில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. "இதுக்கு நான் எழுதலை. அவ என்ன செய்வாள்னு நீங்க எனக்குக் காட்டுங்க" என்கிறாள் முயல்.

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. பாலம் கட்டுகிற இடத்திலிருந்து இரண்டு பேர் வந்து, அத்தான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போன அந்தக் காலை. நீ அழவில்லை. உட்காரவில்லை. நேராகப் போனுக்குப் போனாய். அத்தானுக்கு மறுநாள் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது. "வணக்கம், நாளைக்கு அவருக்கு நேரம் குடுத்திருந்தீங்க. அவரால வர முடியாது. அந்த நேரத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க, வலியோட காத்திருப்பாங்க" என்றாய். நான் அப்போது காலேஜ் முதல் வருஷம், உன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ படத்தில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்துவிட்டேன். அதைவிடப் பெரிய அழுகையை நான் பார்த்ததில்லை.

இந்தத் தடவை கேட்டுவிட்டு எடுக்கிறேன். தருவாயா?

வாலு


9 பிப்ரவரி

தங்கைக்கு,

தரமாட்டேன்.

கண்ணாடியை எடுத்தாய், பேச்சை எடுத்தாய், ஊர் சிரித்தது, போகட்டும் என்று படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். இதைத் தொடாதே. அவரைப் பற்றி என்னிடம் மிச்சமிருப்பதில் அந்தப் போனும் ஒன்று. அதை டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்கத் தர நான் ஆளில்லை.

நீ எழுதியது முழுவதும் சரி. ஒரு வார்த்தை பிசகவில்லை. ஏன் பிசகவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமலே போய்விடலாம் என்று இருந்தேன். நீயே கேட்டதால் சொல்கிறேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நீ என் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. நான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாய். "வலியோட காத்திருப்பாங்க." உன் வாயில் அதைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எதிர்வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார் என்று ஒருத்தரை விடாமல் நடித்துக் காட்டுவாயே, அதே வாய். என் வீட்டில் அப்படி ஒன்று நடந்த காலையில், என் தங்கை நடிப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று உனக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

வேறு எதையாவது செய். உனக்கா தெரியாது.

அக்கா


13 பிப்ரவரி

அக்கா,

செய்யமாட்டேன். முதலில் அது. உன் போனை நான் தொடமாட்டேன். இனி ஒருபோதும்.

டீ ஞாபகம் இருக்கிறது. உதடு எனக்குத் தெரியாது. நீ எழுதிய பிறகு கண்ணாடி முன்னால் நின்று யோசித்தேன், எவ்வளவு யோசித்தும் அது என் நினைவில் இல்லை. நடக்கவில்லை என்று சொல்லவில்லை. நீ பார்த்தேன் என்றால் பார்த்திருப்பாய். ஆனால் பாடமா? அத்தான் எனக்கு சைக்கிள் விடச் சொல்லிக்கொடுத்தவர் அக்கா. என் முதல் நாடகத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, தப்பான இடத்தில் எல்லாம் கைதட்டியவர். அவருடைய சாவை நான் பாடமாகவா

விடு. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். இப்படியே அனுப்புகிறேன்.

நேற்று அந்தக் காட்சிக்கு ஒத்திகை. நான் நெஞ்சைப் பிடித்தேன், சுவரில் சாய்ந்தேன், சரிந்தேன். எனக்கே நன்றாகத்தான் இருந்தது. முயல் மூக்கு துடிக்க ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது சீரியல்ல பார்த்துட்டேங்க" என்றாள். வேறு மாதிரி செய்தேன். "இது வேற சீரியல்" என்றாள். தயாரிப்பாளர் மூலையில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு நடிகையின் பெயர் என் காதில் விழுந்தது. பெரிய பெயர். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுகிற வேலை.

இருபத்தோராம் தேதி அந்தக் காட்சி. அதுவரை மற்ற காட்சிகள் ஓடும். அன்றைக்குச் சரியாக வரவில்லை என்றால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், எடுத்ததையெல்லாம் அந்த அம்மாவை வைத்துத் திரும்ப எடுப்பார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன், அதே சமயம் விடிந்தால் போதும் என்று ஓடிப்போய் செட்டில் நிற்கிறேன். இப்படி இருந்து எத்தனை வருஷமாச்சு! லிப்ட் கதவை மூடுகிறவளுக்கு இந்தப் பயம் கிடைக்குமா?

வாலு


18 பிப்ரவரி

வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அரைகுறையாக நின்ற அந்த வரியையும் படித்தேன்.

சைக்கிள் விஷயம் நான் மறந்திருந்தேன். நீ அவரையும் சேர்த்து வேலியில் விட்டதும், இரண்டு பேரும் முள்ளோடு வந்து நின்றதும் ஞாபகம் வந்தது. டூட்டி அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நான் ஒன்று சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரியில் அந்தச் செய்தியைச் சொல்கிற வேலை பெரும்பாலும் எனக்குத்தான் வரும். டாக்டர்கள் மருத்துவம் பேசுவார்கள், செய்தியை நான் சொல்லவேண்டும். நெஞ்சைப் பிடித்துச் சுவரில் சரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு அம்மா என்னைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். ஒருவர் தன் இரண்டு செருப்பையும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார், வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து போனார். ஒரு பெண் "தேங்க்ஸ்" என்றாள். யாரும் செய்ய நினைத்துச் செய்வதில்லை. உடம்பு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டு இருக்கிறது, செய்தி பின்னால் மெதுவாக வருகிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவர்களையெல்லாம் எடுத்து நடி என்று சொல்லவில்லை. தெரிந்துகொள் என்கிறேன்.

எழுதும்போது ஒன்று உறைத்தது. இவர்களை எல்லாம் நானும் பார்த்து வைத்திருக்கிறேன். ஒருத்தரையும் மறக்கவில்லை. மறக்காமல் இருப்பது திருட்டு இல்லை.

அந்தப் போனை எடுத்துக்கொள். இத்தனை நாள் யோசித்துத்தான் சொல்கிறேன். உன் படம் கைவிட்டுப் போவதற்கு நான் காரணமாக இருக்கமாட்டேன். வார்த்தையை மட்டும் மாற்றிவிடாதே, உள்ளபடியே சொல்.

முழங்காலுக்குக் கட்டு போடுகிறாயா?

அக்கா


21 பிப்ரவரி

அக்கா!

எடுத்தாயிற்று! இன்னும் மேக்கப் கலைக்கவில்லை, தையல்கடையிலேயே, வெட்டுகிற மேஜையில் காகிதத்தை விரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் செட்டுக்கு வரும்போது கையில் ஒன்றுமே இல்லை. வெறுங்கை. ஒன்றும் யோசிக்கக்கூடாது, காலர் தைப்போம், அவர்கள் வரட்டும், என்ன ஆகிறதோ ஆகட்டும் என்று மிஷினில் உட்கார்ந்தேன். செய்தி சொல்ல வருகிற இரண்டு பேரில் ஒருவரை முயல் நிஜத் துறைமுகத்திலிருந்தே கூட்டிவந்திருக்கிறாள். கேமராவையே பார்த்திராத மனுஷர். எனக்கு அவர் என்ன சொல்லப்போகிறார் என்று சொல்லவில்லை, அவருக்கும் வசனம் எழுதித் தரவில்லை. "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டாள்.

அவர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா, கிரேன் சாஞ்சிருச்சு. அண்ணன் மேல இருந்தாரு. நாங்க கூப்பிட்டோம்மா, அவரு பேசலை" என்றார்.

"அவரு பேசலை." அவ்வளவுதான் அக்கா, அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் போய்விட்டார். மிஷின் நின்றுவிட்டது. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது தெரிந்தது, என் உதடு அசைகிறது. "நாங்க கூப்பிட்டோம்மா. அவரு பேசலை." சத்தமே இல்லை. திரும்பத் திரும்ப அதே நாலு வார்த்தை. நிறுத்தவேண்டும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. எனக்கு அது புரியவே இல்லை அக்கா. அந்த மனுஷர் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. வாய் சொல்லிப் பார்க்கிறது, சொல்லிப் பார்க்கிறது, அப்படியாவது புரியாதா என்று. எத்தனையாவது தடவையிலோ புரிந்துவிட்டது. புரிந்ததும் வாய் நின்றுவிட்டது. காலரை எடுத்து மடித்து வைத்தேன்.

யாரும் "கட்" சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தால் முயல் மானிட்டருக்குப் பின்னால் இல்லை, வாசலுக்கு வெளியே போய்த் திரும்பி நின்றுகொண்டிருக்கிறாள். துறைமுகத்துக்காரர் என்னிடம் ஓடி வந்து, "அம்மா, நடிப்புதானேம்மா? உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காருல்ல?" என்று கேட்டார். நல்லா இருக்காரு, வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாரு என்று சொல்லி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். தயாரிப்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கினார், விடவே இல்லை. இன்னொரு டேக் கிடையாதாம்! இதுதானாம்!

நீ பார்த்தது அதைத்தான் அக்கா. அன்றைக்கு நான் அத்தானைப் பற்றி வந்தவர்கள் சொன்னதைக் கேட்டேன், எனக்குப் புரியவில்லை. நீ போனில் "அவரால வர முடியாது" என்றாய். அதுதான் எனக்குப் புரிகிற மாதிரி யாரோ சொன்ன முதல் வாக்கியம். அதைத்தான் வாய் பிடித்துக்கொண்டது. வலியோட காத்திருப்பாங்க என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் வரமாட்டார் என்று எனக்கு உறைத்தது. இன்று மத்தியானம் வரைக்கும் இது எனக்கே தெரியாது.

நீ நம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நில், நில். வீட்டுக்காரர் சாப்பாட்டோடு உன் கடிதத்தையும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போகிறார். படித்துவிட்டு எழுதுகிறேன்.

படித்தேன்.

போனை எனக்குத் தந்துவிட்டாயா? இன்றைக்கா வந்து சேர வேண்டும்! நேற்று வந்திருந்தால் கட்டாயம் எடுத்திருப்பேன், பிரமாதமாக நடித்திருப்பேன், பார்த்தவர்கள் எல்லாம் உன்னைப் பார்த்திருப்பார்கள். நல்லவேளை. தபால்காரருக்கு ஒரு முத்தம். அதை நீயே வைத்துக்கொள் அக்கா. தந்தாயே, அது போதும்.

மேஜையில் அழுதுகொண்டே எழுதுகிறேன், சந்தோஷ அழுகை, ஒப்பனைக்காரம்மா என்னைத் திட்டுகிறாள்.

வாலு


30 ஜூன்

அன்புள்ள அக்கா,

வெள்ளிக்கிழமை படம் வருகிறது. உன் ஊரிலும் வருகிறது, விசாரித்துவிட்டேன். மார்க்கெட் பக்கத்துத் தியேட்டர், மாலைக் காட்சி. வரச் சொல்லவில்லை. எந்தத் தியேட்டர் என்று சொன்னேன்.

போன மாதம் என் பங்குக்கு டப்பிங் முடித்தேன். இத்தனை வருஷம் ஊரான் வாய்க்கெல்லாம் குரல் கொடுத்தவள், முதல்முறையாக என் வாய்க்கு நானே கொடுக்கிறேன். திரையில் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "யாருப்பா இந்த அம்மா, உதடு சரியாவே அசைக்கலையே" என்று சொல்லிவிட்டேன்! அந்தக் காட்சிக்கு வசனம் இல்லை, ஆனால் ஒலிப்பதிவாளருக்கு உதடு பிரிகிற சத்தம் வேண்டுமாம். மைக்குக்கு ரொம்பக் கிட்டத்தில் வாயை வைத்து, சத்தமில்லாமல் அந்த வார்த்தைகளைச் சொன்னேன். ஹெட்போனில் கேட்டால் மழைத்துளி விழுகிற மாதிரி சின்னச் சின்னதாக. இப்படி ஒரு ஒலி என்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

அப்புறம், வேறொரு இயக்குநர் கூப்பிட்டிருக்கிறார். விமான நிலையத்தில் தொலைந்துபோகிற ஒருத்தியாம். முயல் எங்கேயோ என்னைப் பற்றி வாயைத் திறந்திருக்கிறாள். எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர், "நீ நடக்கிறியா, மிதக்கிறியா?" என்கிறார்.

வெள்ளிக்கிழமை, அக்கா!

வாலு


6 ஜூலை

அன்புள்ள வாலு,

வெள்ளிக்கிழமை ராத்திரி உனக்குப் போன் வந்திருக்கும். நீ "ஹலோ, யாரு?" என்று மூன்று தடவை கேட்டாய். நான்தான். பேச வரவில்லை, வைத்துவிட்டேன். ராங் நம்பர் என்று நினைத்திருப்பாய்.

நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். நான் படத்துக்குப் போவது எப்படியோ தெரிந்து, டூட்டி முடிந்த நர்சுகள் எல்லாரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். ஒரு வரிசை முழுக்க எங்கள் கூட்டம். நீ கடையைத் திறந்தாய். கொஞ்ச நேரம் உன்னில் என்னைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடி இருக்கிறதா, என் நடை இருக்கிறதா என்று. சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே அவரோடு சண்டை போட்டாயே, அந்த இடத்தில் தேடுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அவளுக்கு என்ன ஆகுமோ என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த ஆள் தொப்பியோடு வந்து நின்றபோது, இவருக்குப் பதில் நான் போய்ச் சொல்லிவிடலாமே என்று இருந்தது. அவ்வளவு கஷ்டப்படுகிறார். பிறகு உன் உதடு அசைந்தது. தியேட்டரில் ஒரு இருமல் இல்லை. நீ சொன்ன அந்த மழைத்துளிச் சத்தம் மட்டும் கேட்டது.

நீ கடிதத்தில் எழுதியதைப் பிப்ரவரியிலேயே படித்தேன். நம்பினேனா என்று கேட்டால், நம்ப விரும்பினேன், அவ்வளவுதான் சொல்வேன். வெள்ளிக்கிழமை கண்ணால் பார்த்தேன். திரையில் அந்த முகம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, அதில் பொய் சொல்ல இடமே இல்லை. அது பாடம் படிக்கிற முகம் இல்லை. சேதியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிற முகம். அன்றைக்கு என் வீட்டில் அவரை இழந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். நான் ஒருத்தியை மட்டும் எண்ணிக்கொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மா. விளக்கு போட்டதும் என்னைப் பார்த்து, "ஏங்க இப்படி அழறீங்க? தெரிஞ்சவங்களா?" என்றார். "என் தங்கச்சி" என்றேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் நர்சுகள் யாருக்குமே அதுவரை தெரியாது. அதற்கப்புறம் என்னை வெளியே விடவில்லை. அந்த அம்மா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இவங்க அக்காவாம்" என்று என்னைக் காட்டினார். அவர் எனக்குக் கைகொடுத்தார். எதற்கென்று தெரியாமல் நானும் கொடுத்தேன். ஏதோ நானே நடித்துவிட்ட மாதிரி ஐஸ்க்ரீம் வாங்கித் தந்தார்கள். சாப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று காலை அந்தப் புது டாக்டர் என் அறைக்கு வந்து நின்றார். "சிஸ்டர், தெரியாம அன்னிக்கு..." என்று இழுத்தார். முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வாசலில் எட்டிப் பார்த்த நர்சுகள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இனி அது என்னிடம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

ஒரு குறை. ஆஸ்பத்திரிக் காட்சியில் உனக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற பெண், பட்டையைத் தலைகீழாகக் கட்டுகிறாள். உன் முயலிடம் சொல்.

விமான நிலையத்தில் தொலைகிறவள் என்ன ஆவாள்? கிடைப்பாளா? கடிதத்தில் எழுதாதே, தபால் வர நாளாகிறது. இதைப் படித்து முடித்ததும் போன் செய். டூட்டியில் இருந்தாலும் எடுப்பேன்.

அக்கா